இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘ஐந்தில் மூன்று’: யாருக்கு எவ்வளவு மோசம், யாருக்கு எந்த சிகிச்சை கேட்கும்?

கேள்வி கேட்டவருக்கு வயது 42, வொயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அல்சூரில் இருக்கும் அவருடைய மச்சானுக்கும் அதே வரி. அந்த மச்சான் அவர் மனைவியின் அண்ணன், வயது 45. இரண்டு ரிப்போர்ட்டையும் போட்டுவிட்டு அவர் கேட்பது இதுதான்: இருவருக்கும் ஒரே அளவு ஆபத்தா? டயட் போதுமா, மாத்திரை வேண்டுமா, இப்போது எல்லோரும் பேசும் எடை குறைக்கும் ஊசியா? யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே, எடுக்கலாமா?

பெங்களூரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டோடு வாரம் தவறாமல் யாராவது வந்து உட்காருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொப்பை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சர்க்கரை இவற்றின் கோளாறுகள் கூட்டமாகச் சேர்ந்து வருவதைத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். முதலில் அந்த ‘உள்ளது’ எப்படி வந்தது என்று பார்ப்போம். 2009-ல் பல சர்வதேச அமைப்புகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட கணக்கு அது. ஐந்து விஷயங்களில் மூன்று இருந்தால் போதும். இடுப்புச் சுற்றளவு நம் மக்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-ஐத் தொட்டால், ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே. பிரஷர் 130/85-ஐத் தொட்டால். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொட்டால். இவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இப்போது உங்கள் எண்கள். இடுப்பு 98, ட்ரைகிளிசரைடு 310, எச்.டி.எல். 31. சர்க்கரை 99, பிரஷர் 128/84. மச்சானுடையது இடுப்பு 91, ட்ரைகிளிசரைடு 154, எச்.டி.எல். 39, சர்க்கரை 92, பிரஷர் 122/78. இருவருக்கும் சரியாக மூன்று. ஆனால் அவருடைய மூன்றும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. உங்களுடைய மூன்றும் கோட்டை எப்போதோ தாண்டிப் போய்விட்டன, மீதி இரண்டும் கோட்டுக்கு ஒரு புள்ளி இப்பால் நிற்கின்றன. அடுத்த வாரம் எடுத்தால் சர்க்கரை 101, பிரஷர் 132 என்று வந்து ‘ஐந்தில் ஐந்து’ ஆகிவிடலாம். அதற்காக ஒரே வாரத்தில் உங்கள் உடம்பு கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. இருக்கு, இல்லை என்று இரண்டே பதில் சொல்லும் கணக்கின் குறை இது. தீவிரத்தை அறிய கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்.

அதற்கென்றே ஒரு ஸ்கோர் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் மேத்யூ குர்காவும் மார்க் டிபோயரும் அந்த நாட்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்புத் தரவை வைத்து உருவாக்கியது. ஐந்து அளவுகளையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். பூஜ்யம் என்றால் சராசரி, மேலே போகப் போக மோசம். நல்ல யோசனை. ஆனால் அதன் சமன்பாடுகள் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர் என்று அமெரிக்க மக்களுக்காகப் போடப்பட்டவை. தெற்காசியருக்கென்று தனிச் சமன்பாடு அதில் கிடையாது. அதனால் ‘உங்கள் ஸ்கோர் இவ்வளவு, எனவே ஆபத்து இவ்வளவு’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஆளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு இரண்டு. ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.-ஆல் வகுங்கள். உங்களுக்கு 310-ஐ 31-ஆல் வகுத்தால் 10. மச்சானுக்கு 4-ஐ ஒட்டி. 3-க்கு மேல் போனாலே உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியவில்லை என்று சந்தேகப்படலாம். 10 என்பது சந்தேகமே வேண்டாம் என்கிற அளவு. இன்னொன்று, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்கள் உயரம் 168, பாதி 84. நீங்கள் 14 செ.மீ. தாண்டியிருக்கிறீர்கள். அவர் உயரம் 172, பாதி 86. அவர் 5 செ.மீ. தாண்டியிருக்கிறார்.

இடுப்பு அளவைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செக்கப் முகாம்களில் ஆகத் தப்பாக எடுக்கப்படுவது அதுதான். பேன்ட் சைஸ் 34 என்று சொல்வார்கள். அந்த பேன்ட் தொப்பைக்குக் கீழே, இடுப்பெலும்பில் உட்கார்ந்திருக்கும். அது தொப்பையை அளக்கவே இல்லை. சட்டைக்கு மேல் டேப்பைச் சுற்றி, ஆள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும்போது எழுதிக்கொள்வதும் உண்டு. சரியான முறை: காலையில் சாப்பிடும் முன், சட்டையைக் கழற்றிவிட்டு நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அந்த உயரத்தில் டேப் முதுகுப் பக்கமும் சாயாமல் சுற்றி வரட்டும். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும்போது படியுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், அமுங்கக் கூடாது. இரண்டு தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். முகாமில் 94 என்று எழுதப்பட்டவர் இப்படி எடுத்தால் 99 வருவது எனக்குப் பழகிப்போன விஷயம்.

இடுப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன்? நம் உடம்பின் அமைப்பு அப்படி. 2004-ல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் தங்கள் படங்களையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நமக்குத் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மிச்சம் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. கொழுப்பு ஏறிய ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், ட்ரைகிளிசரைடையும் ரத்தத்தில் தள்ளும். ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். தானாக இறங்கும். ஐந்தும் ஒரே கூட்டமாக வருவதன் அடிப்படை இதுதான். நீங்கள் 78 கிலோ, பி.எம்.ஐ. 27.6. ‘நான் அவ்வளவு குண்டு இல்லையே’ என்று எழுதியிருந்தீர்கள். இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் தொடங்குகிறது.

அதனால் தீவிரத்தைப் பார்க்க ஈரலையும் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் ஈரல் என்சைம்களான ஏ.எல்.டி. 68, ஏ.எஸ்.டி. 44, பிளேட்லெட் 2.1 லட்சம். வயதையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கு 1.07 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. ஆக, கொழுப்பு இருக்கிறது, கெட்டுப்போகவில்லை. திருப்பக்கூடிய கட்டம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 5.9 என்பதும் அதையேதான் சொல்கிறது: சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, கணையம் இன்னும் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த 5.9 பொய்யாகக் கொஞ்சம் ஏறிக் காட்டும். வீட்டில் பெண்களுக்கு எடுக்கும்போது ஹீமோகுளோபினைக் கூடவே பாருங்கள்.

சரி, இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்படியென்றால் எனக்குத்தான் மோசம், மச்சான் தப்பித்தார்’ என்று நினைத்திருப்பீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான்.

அவருடைய எல்.டி.எல்., அதாவது ‘கெட்ட கொழுப்பு’, 168. அவர் சிகரெட் பிடிக்கிறார். உங்கள் மாமனாருக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட மெட்டபாலிக் சிண்ட்ரோம் கணக்கில் கிடையாது! அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அதுவே தனி ஆபத்துக் காரணி. ஆக இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் யாருக்கு முதலில் வரும்? உங்களுக்கு. அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்பு யாருக்கு வர வாய்ப்பு அதிகம்? அவரை நான் முன்னால் வைப்பேன். ‘சிண்ட்ரோம் லேசாகத்தான் இருக்கிறது’ என்ற வார்த்தையைக் கேட்டு அவர் நிம்மதியாகப் போய்விடக் கூடாது.

உங்கள் எல்.டி.எல். 121 என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் நிம்மதி அடைய வேண்டாம். அது பெரும்பாலும் நேரடியாக அளந்தது இல்லை, கணக்குப் போட்டு எழுதுவது. ட்ரைகிளிசரைடு இவ்வளவு ஏறும்போது அந்தக் கணக்கு நம்ப முடியாமல் போகிறது. மொத்தக் கொழுப்பு 214-லிருந்து எச்.டி.எல். 31-ஐக் கழியுங்கள். 183. இதுதான் உங்கள் ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பின் மொத்தம். அது அதிகம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. யாருக்கு எது கேட்கும்?

முன்கூட்டிச் சொல்வதில் முதல் சிக்கல் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ட்ரைகிளிசரைடு ஒரே ஆளுக்கு, ஒன்றுமே மாற்றாமல், வாரத்துக்கு வாரம் 20 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கும். முந்தைய இரவு பீர் குடித்திருந்தால் இன்னும் ஏறும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அமெரிக்கா ஆபீஸோடு மீட்டிங் முடிந்து இரவு 11.30-க்குச் சாப்பிட்டுவிட்டு காலை 8 மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்ததாக. எட்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. 310-ல் கொஞ்சம் அந்த ராத்திரிச் சாப்பாடாக இருக்கலாம். இப்போதே டயட் தொடங்கி அடுத்த முறை 240 வந்தால் டயட்டின் வெற்றி எவ்வளவு, முதல் எண்ணே தற்செயலாக ஏறியிருந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் எதையும் தொடங்கும் முன் ஒருமுறை சரியாக 12 மணி நேரம் வெறும் வயிற்றில், மூன்று நாள் மது இல்லாமல் மறுபடி எடுங்கள். பிரஷரை வீட்டில் ஒரு வாரம் காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி போடுங்கள். வீட்டு அளவில் 135/85-ஐத் தொட்டாலே அதிகம்தான். அந்த எண்களிலிருந்துதான் கணக்கு ஆரம்பம்.

அடுத்து, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சாப்பாடும் நடையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். மெட்ஃபார்மின் அங்கே நன்றாகக் கேட்டது பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தவர்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்த பெண்களுக்கும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்டதில் வாழ்க்கை முறை மாற்றம் 28.5 சதவீதம், மெட்ஃபார்மின் 26.4, இரண்டும் சேர்த்து 28.2. அதாவது, சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. இன்னொன்று கவனியுங்கள், சென்னைக்காரர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே பலன் கிடைத்தது. எனவே எடை மெஷினை மட்டும் பார்த்து ‘எனக்கு டயட் கேட்கவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

2016-ல் வந்த இன்னொரு சென்னை ஆய்வில் சாப்பாடு, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் என்று படிப்படியாகக் கொடுத்தபோது 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தவர்களுக்குப் பலன் சொற்பம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஏறுபவர்களுக்குத்தான் நல்ல பலன். அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் ஒருமுறை எடுக்கச் சொல்கிறேன். யாருக்கு எது கேட்கும் என்று சொல்வதில் பல ஆயிரம் ரூபாய் பேக்கேஜ்களைவிட அது உபயோகமானது.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்பும் முன்னறிகுறி முதல் சில வாரங்கள்தான். எடைக் குறைப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு: முதல் ஓரிரு மாதத்தில் அசைந்தவர்கள்தான் ஒரு வருஷம், நாலு வருஷம் கழித்தும் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஊசிக்கும் அதே விதி. லிராகுளுடைடு என்ற எடை குறைக்கும் ஊசிக்கு ஐரோப்பாவில், முழு டோஸில் 12 வாரம் போட்டும் 5 சதவீதம் எடை குறையவில்லை என்றால் நிறுத்திவிடு என்றே விதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு எண்ணும் அசைய எடுக்கும் காலம் வேறு. இது தெரியாமல்தான் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு முதலில் இறங்கும், சில வாரங்களிலேயே. பிரஷரும் கிட்டத்தட்ட அப்படித்தான். இடுப்பு இரண்டு மூன்று மாதத்தில். எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதச் சராசரி, அதற்கு முன் எடுப்பது வீண். எச்.டி.எல். கடைசியில்தான் வரும், எடை வேகமாக இறங்கும்போது அது முதலில் இன்னும் கொஞ்சம் குறைந்துகூடக் காட்டும். பயப்பட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் என் கணிப்பு: நன்றாகக் கேட்கும். 310 என்ற எண், இனிப்பு, மைதா, அரிசி, வார இறுதி மது ஆகியவற்றால் ஏறியிருக்கும் எண். சாப்பாட்டை மாற்றினால் ட்ரைகிளிசரைடு 20 முதல் 50 சதவீதம் வரை இறங்குவது சாத்தியம். உங்கள் காலை உணவையே எடுத்துக்கொள்வோம். தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் பெங்களூர் ஓட்டல்) சௌசௌ பாத், அதாவது காரா பாத்தும் கேசரி பாத்தும் சேர்ந்த தட்டு, ஒரு வடை, சர்க்கரை போட்ட காபி என்று எழுதியிருக்கிறீர்கள். காரா பாத் ரவை, கேசரி பாத் ரவையும் சர்க்கரையும் நெய்யும். தட்டில் புரதம் என்று சொல்ல வடையின் உளுந்து மட்டும்தான், அதுவும் எண்ணெயில். மதியம் கேன்டீனில் மூன்று கரண்டி சாதம், இங்கத்து வெல்லம் போட்ட சாம்பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த கணக்கில் நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. உங்கள் தட்டு அதையும் தாண்டும். கேசரி பாத்தை நிறுத்துங்கள், காபியில் சர்க்கரையை நிறுத்துங்கள். வாரத்தில் பாதி நாளாவது காலையில் இரண்டு முட்டையோ, பெசரட்டோ, சுண்டலோ இருக்கட்டும். மதியம் சாதம் ஒரு கரண்டி, கூட்டும் பொரியலும் அதைப்போல இரண்டு பங்கு, தயிர் அல்லது மீன். மது 12 வாரத்துக்கு முழுக்க வேண்டாம், அது இல்லாமல் எண் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். சாப்பிட்டபின் பதினைந்து நிமிஷம் நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. இரவுச் சாப்பாட்டை அமெரிக்கா மீட்டிங் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆறாவது வாரம் ட்ரைகிளிசரைடு மட்டும் எடுங்கள். கால்வாசியாவது இறங்கியிருந்தால் பாதை சரி. அசையவே இல்லை என்றால் ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தைராய்டு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா, சாப்பிடும் மாத்திரைகள் இவற்றைத் தேட வேண்டும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில பிரஷர் மாத்திரைகள் இந்த எண்களை ஏற்றும். எப்போதாவது 500-ஐத் தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம், உடனே வாருங்கள், கணைய அழற்சி வரலாம். 12-வது வாரம் இடுப்பு, எச்.பி.ஏ.1.சி., ஏ.எல்.டி., எச்.டி.எல். கழித்த கொழுப்பு. அப்போதும் எச்.பி.ஏ.1.சி. 5.9-க்கு மேல் போயிருந்தால் மெட்ஃபார்மின் பற்றிப் பேசலாம்.

ஊசி இப்போது உங்களுக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை. கேட்காத மருந்து என்று சொல்லவில்லை. செமாகுளுடைடு என்ற ஊசியில் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 9.6. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு காலம் போடத் தயார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் முதல் ஊசி.

மச்சானுக்கு வேறு பாதை. அவருடைய மூன்று எண்களும் கோட்டை ஒட்டியே இருப்பதால் எவ்வளவு நன்றாக டயட் இருந்தாலும் ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் தெரியாது. அதை வைத்து அவருக்குக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. அவருக்குப் பலன் தரப்போவது சிகரெட்டை விடுவதும், டாக்டர் ஒத்துக்கொண்டால் எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும். ட்ரைகிளிசரைடைக் குறைக்கத் தனி மாத்திரை வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படிப்பட்ட ஒரு மருந்தான பெமாஃபைப்ரேட்டை வைத்து 2022-ல் வந்த ஆய்வைச் சொல்லுங்கள்: ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எந்த எண் இறங்கினால் எந்த நோய் தள்ளிப்போகும் என்பதும் சிகிச்சை கேட்பதில் சேர்த்திதான்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். உங்களுக்கு எந்த டயட் கேட்கும், எந்த மாத்திரை கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு அந்த அறிவியல் இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை. அந்தக் காசில் மேல்கையில் கட்டும் நல்ல பிரஷர் மெஷின் ஒன்று வாங்கலாம், இரண்டு பேருக்கும் 12 வாரத்துக்கான ரத்தப் பரிசோதனைகள் எடுக்கலாம். மச்சானுக்கு லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அவருடைய அப்பாவுக்கு 52-ல் வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அது அதிகமாக வந்தால் உங்கள் வீட்டம்மாவுக்கும் எடுத்துப் பாருங்கள், அவரும் அதே அப்பாவின் மகள்தானே.